குறைந்துபோன சர்க்கரை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவரை மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘சடன் பிரேக்’ என்றுதான் அழைத்தார்கள். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. தூரத்தில் ஒரு பூனை தெரிந்தால் போதும், மிதித்துவிட்டுக் கத்த ஆரம்பித்துவிடுவார். மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் அந்த வாய் ஓயவில்லை.

அவருக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுச் சமையலே மாறியிருந்தது. தையற்கடையில் துணி அளக்கும் மனைவிக்குச் சோறு அளக்கவா தெரியாது? தட்டில் பாதிக்குக் காய், மீதியில் கொஞ்சம் சோறு, பருப்பு, ஒரு முட்டை. அவரும் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். தொப்பை வற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் “என்ன சார், மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க?” என்று கேட்டதும் தலைகால் புரியவில்லை அவருக்கு.

அடுத்த பரிசோதனை நெருங்க நெருங்க, முதல் மதிப்பெண் வாங்கும் வெறி வந்துவிட்டது. அது அவளுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கடையில் காலை வேலை முடித்து வந்ததும் இருவரும் பயிற்சிக் காரை எடுத்தார்கள். தொழிற்சாலைகள் மூடிக் கிடந்த அகலமான சாலை. அவள் கியர் மாற்றும்போது கார் இரண்டு முறை குலுங்கியது. அவர் எதுவும் சொல்லவில்லை. திருப்பத்தில் சக்கரம் நடைபாதைமேல் ஏறி இறங்கியது. அதற்கும் பேச்சில்லை.

“என்னங்க, இன்னைக்கு வாய்க்கு லீவா? திட்டவே காணோம்?”

அவர் மெல்லத் திரும்பினார். “நீங்க எங்க இறங்கணும்?” என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. சட்டை மார்போடு ஒட்டியிருந்தது. கண்கள் அவளைப் பார்த்தன; ஆனால் அந்தப் பார்வையில் அவள் இல்லை.

எதிரே ஒரு லாரி குறுக்கே திரும்பியது. அவர் கால் அசையவில்லை. அவளே பிரேக்கை மிதித்தாள். கார் துள்ளி நின்று அணைந்தது. லாரிக்காரன் ஏதோ கத்திவிட்டுப் போனான். அவள் காதில் விழவில்லை.

சாலைக்கு மறுபுறம் ஒரு மருந்துக்கடை திறந்திருந்தது. ஓடினாள். கடைக்காரர் ஆம்புலன்சுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, கருவியோடு வந்து அவர் விரலில் குத்திப் பார்த்தார். நாற்பத்தாறு.

“சுகர் ரொம்ப இறங்கிடுச்சும்மா.”

“இறங்கிடுச்சா? அவருக்கு அதிகமாத்தானே இருக்கு!”

கடைக்காரர் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கொட்டிக் கலக்குவதைக் கண்டதும் அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, வேண்டாம்! சர்க்கரை நோய்க்காரர்! கொன்னுடாதீங்க!”

“கையை விடுங்கம்மா. இதைக் கொடுக்கலேன்னாதான் ஆபத்து.” கடைக்காரர் குரலில் இருந்த அவசரம் அவள் பிடியைத் தளர்த்தியது. “சார், முழுங்க முடியுதா? கொஞ்சம் கொஞ்சமா.”

வீட்டில் ஒரு துளிகூட இல்லாமல் அவள் ஒழித்துக்கட்டிய அதே சர்க்கரை அவர் தொண்டையில் இறங்குவதைப் பார்த்தபடி நின்றாள். சிறிது நேரத்தில் அவர் கண் சிமிட்டினார். “கார ஏன் நடுரோட்டுல நிறுத்தி வச்சிருக்க?” என்று அவளை அதட்டினார். அவள் சாலையோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கக் கேட்க உண்மை வெளியே வந்தது. முந்தின நாள் இரவுச் சாப்பாடு, அன்றைய காலைச் சாப்பாடு இரண்டையும் அவர் தெருநாய்க்குப் போட்டிருக்கிறார். மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார்.

“சாப்பாட்டைக் குறைச்சா நல்லதுன்னா, சாப்பிடாமலே இருந்தா இன்னும் நல்லதுன்னு நினைச்சேன் டாக்டர்.”

“இந்த மாத்திரை நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பார்க்காது சார், சர்க்கரையை இறக்கிட்டே இருக்கும். இவங்க போடுற அளவுச் சாப்பாடு சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. எடையும் குறைஞ்சிருக்கு. மாத்திரையை நானே குறைச்சுத் தரேன். ஆனா ஒரு வேளையையும் விடக்கூடாது. பையில எப்பவும் குளுக்கோஸ் இருக்கணும்.”

மறுநாள் மாலை வீடு திரும்பினார்கள். அவள் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இதுவரை அப்படிக் காவல் இருந்ததில்லை.

“உண்மையாவே அப்ப நான் யாருன்னு தெரியலையா?”

“எதுவுமே ஞாபகம் இல்ல. எங்க இறங்கணும்னா கேட்டேன்?” என்று சிரிக்கப் பார்த்தார். “டிக்கெட் கேக்காம விட்டேனே!”

அவள் சிரிக்கவில்லை. குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.