பதினோரு ஆடுகள்

ஆட்டுப் பட்டியின் படலைத் திறந்ததும் முதலில் வெளியே வந்த பெட்டை ஆடு நேராகப் போய்க் கல்தூணில் முட்டிக்கொண்டது. பின்வாங்கித் தலையை உதறிவிட்டு மறுபடியும் அதே தூணில் முட்டியது. கால்நடை மருந்தக உதவியாளர் கைப்பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். இருபத்தாறு வருடச் சர்வீசில் கோமாரி, கழிச்சல், வயிற்று உப்புசம் என்று எவ்வளவோ பார்த்தவர். பட்டப்பகலில் ஒரு செம்மறி இருட்டில் தடவுவதுபோல் நடப்பதை அவர் பார்த்ததில்லை.

“இது மட்டுமில்ல டாக்டரே, பதினொண்ணு,” என்றாள் ஆட்டுக்காரி. “ரெண்டு நாளா ஒண்ணொண்ணா இப்படி ஆகுது. குட்டி கத்துனா அது எந்தப் பக்கம்னு தெரியாம நின்ன எடத்துலயே சுத்துதுங்க.”

அவர் டாக்டர் இல்லை. டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வந்து போவார். மற்ற நாட்களில் ஊருக்கு இவர்தான் டாக்டர். ஆரம்பத்தில் சில வருடங்கள் திருத்திப் பார்த்தார். பிறகு அந்த அழைப்பு காதுக்கு இதமாகப் பழகிப்போனது.

ஆட்டின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணுக்கு நேரே விரலை ஆட்டினார். கருவிழி அகலமாக விரிந்து பளபளத்தது. விரல் அங்கே இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

“எல்லாம் இவரு மேய்ச்ச லட்சணம்,” என்று அவள் பட்டிக்குப் பின்னால் கை காட்டினாள். அங்கே அவளுடைய அண்ணன் ஒரு குட்டியை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். மனைவி செத்துப்போன பிறகு ஒரே ஒரு பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்தவர். சும்மா உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று தாமாகவே ஆடுகளை ஏற்றுக்கொண்டிருந்தார்.

“ஓடைப் பக்கம்தான் விட்டேன் பாப்பா. தினம் மேயற எடம்தான்.”

“ஏதோ விஷச்செடியைத் தின்னிருக்குங்க. நீ பார்த்துக்கிட்டா இருந்த? உனக்கு எதைத்தான் பார்க்கத் தெரிஞ்சுது? அண்ணி மூணு மாசமா வலிக்குது வலிக்குதுன்னு சொன்னப்பவும் இப்படித்தான் பார்க்காம விட்ட.”

அண்ணன் குட்டியை இறக்கிவிட்டார். அது தாயிடம் ஓடியது. அவர் அது ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாக ஏதோ முணுமுணுத்துவிட்டு உதவியாளர் சைக்கிளை எடுத்தார்.

பாதி வழியில்தான் பொறி தட்டியது. ஆறு நாளைக்கு முன்னால் இதே பட்டியில் இருபத்துமூன்று ஆடுகளுக்கும் குடற்புழு மருந்து ஊற்றியது அவர்தான். பன்னிரண்டு ஆடு முடிந்ததும் பாட்டில் காலியானது. புதிதாக வந்திருந்த இன்னொரு பாட்டிலைப் பிரித்து, அதே அளவில் மிச்சத்துக்கும் ஊற்றினார். மிச்சம் பதினொன்று.

மருந்தகத்தைத் திறந்து அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தார். அதே நீல மூடி, அதே ஆட்டுப் படம். பழைய பாட்டிலின் மூலையில் ஐந்து என்று இருந்த இடத்தில் இதில் பதினைந்து சதவீதம் என்று இருந்தது. மூன்று மடங்கு வீரியம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதன் அட்டைப்பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் படித்தார். அளவு மீறினால் பார்வை போகலாம் என்று எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சடித்திருந்தது. கண்ணாடியைத்தான் மருந்து ஊற்றிய அன்றைக்கு அவர் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். பாட்டிலைத் திரும்ப வைக்கும்போது கை தானாகவே லேபிளைச் சுவர்ப் பக்கம் திருப்பியது.

மறுநாள் காலையில் கதவைத் திறக்கும் முன்பே அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார்.

“டாக்டரே, ஒரு உபகாரம். அந்தச் செடி எங்க வேணும்னாலும் முளைக்கும், யார் மேய்ச்சாலும் இப்படி ஆகும்னு தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது. நீங்க சொன்னா கேட்கும்.”

உண்மையைச் சொல்லிவிட அதுதான் சரியான நேரம். அவர் பூட்டில் சாவியைத் திருகியபடி, “சாயங்காலம் வர்றேன்,” என்றார்.

போனார். செடியைப் பற்றி விலாவாரியாகப் பேசினார். இல்லாத செடிக்கு இலை எப்படி இருக்கும் என்றுகூட சொன்னார். தங்கை முகம் கொஞ்சம் தெளிந்தது. வாசல்வரை கூட வந்த அண்ணன் அவருடைய வலது கையைத் தம் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். அந்தச் சூடு வீடு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் கையை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. “என்ன, யாரையோ கொன்னுட்டு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?” என்றாள் மனைவி. தெருவில் யாராவது டாக்டரே என்று கூப்பிட்டால் பிடரியில் தட்டியதுபோல் இருந்தது. நாலாம் நாள் மத்தியானம், டாக்டருக்கு நடந்ததை எழுதி மேசையில் வைத்துவிட்டு, பாட்டிலோடு ஆட்டுக்காரி வீட்டுக்குப் போனார். இருவரும் பட்டியில் இருந்தார்கள். அவள் கண் தெரியாத ஒரு கிடாவின் வாயில் தழையை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“செடியெல்லாம் இல்லம்மா. நான் சொன்னது பொய். நான் ஊத்துன மருந்துதான். பாட்டில் மாறினதைப் பார்க்காம மூணு பங்கு ஊத்திட்டேன்.”

செருப்பைக் கழற்றுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். வரும் வழியெல்லாம் அதற்குத்தான் மனதைத் தயார்படுத்தியிருந்தார்.

“பார்வை திரும்புமா?” என்று கேட்டாள்.

“திரும்பாதும்மா.”

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. தழை கையிலிருந்து நழுவியது. அண்ணன் பக்கம் ஒருமுறை திரும்பியவள், அவர் நிமிர்வதற்குள் குனிந்து, கிடாவின் கழுத்து ரோமத்தில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒன்றைப் பிடுங்கினாள், இன்னொன்றைப் பிடுங்கினாள். முள்ளே இல்லாத இடத்திலும் அவள் விரல் தேடியது. அண்ணியைப் பற்றி அவள் சொன்ன வார்த்தை அந்தப் பட்டிக்குள் நாலாவது ஆளாக நின்றது. தன் வாக்குமூலம் யார் தலையில் போய் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் உதவியாளருக்கு உறைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

“அண்ணே,” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

“அதுங்களுக்குத் தண்ணி காட்டணும் பாப்பா, நேரமாச்சு,” என்றார் அண்ணன். பிறகு உதவியாளரிடம் திரும்பி, குரலில் கோபமோ இரக்கமோ இல்லாமல், “தண்ணிக்குப் போற வழியில எருக்குழி இருக்கு. ஓரமா நில்லுங்க. நேத்து ஒண்ணு விழப் பாத்துச்சு,” என்றார்.

உதவியாளர் பாட்டிலை மண்ணில் வைத்துவிட்டுப் போய்க் குழியின் விளிம்பில் நின்றார். அண்ணன் நாக்கைச் சொடுக்கிக்கொண்டே முன்னால் நடக்க, ஆடுகள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு காதை விடைத்தபடி வந்தன. சில வழி தப்பி அவர் பக்கம் ஒதுங்கின. ஒவ்வொன்றாக வந்து அவருடைய முழங்காலில் முட்டின, நின்று முகர்ந்தன, இங்கே ஏதோ ஒரு கம்பம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு திரும்பி நடந்தன.