மேலுக்கு முடியல

மூக்காண்டி டாக்டர் சங்கரராமனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏழு ரூபாய் பதினோரு அணா. மூன்று மாதத்தில் பதினாறு பாட்டில் சிவப்பு மருந்து, நாலு ஊசி. அத்தனையும் உள்ளே போன பிறகும் அவன் பெண்டாட்டி சுப்புத்தாய் வாசலிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் ரெண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். உதடு வெளுத்து, முகம் ஊதி, சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டாள். போதாக்குறைக்கு அடுப்படி மண்சுவர் வேறு அடியில் அரித்துக்கொண்டே வந்தது. மூக்காண்டி எலிப்பொறி வைத்தான். மாதம் ஒன்றாகியும் ஒரு எலி விழவில்லை. பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லுதான் காய்ந்துபோயிற்று.

டாக்டர் கும்பகோணத்துக்காரர். சங்கரன்கோவிலுக்கு வந்து ரெண்டு வருஷம். கைராசிக்காரர் என்று பேர் இருந்தது. ஆனால் கண் மட்டும் மேசையை விட்டு நிமிராது. "நாக்கை நீட்டு. வெளிக்குப் போச்சா? அடுத்த ஆள்." அவ்வளவுதான், வைத்தியம் முடிந்தது.

"பேசாம எல்லாரும் வாசல்லயே நாக்கை நீட்டிக்கிட்டு வரிசையா நில்லுங்க. அவருக்கு நேரம் மிச்சம்" என்பார் காம்பவுண்டர் இப்ராஹீம். டாக்டர் காதில் விழாதபடிதான் சொல்வார். சம்பளம் வாங்குகிறவர் அல்லவா.

முதல் தடவை போனபோது சுப்புத்தாய் வாயைத் திறந்து சொன்னது ஒரே சொல். "மேலுக்கு முடியலய்யா." டாக்டர் உடனே நெஞ்சில் குழாயை வைத்தார், சளி என்று சிவப்பு மருந்து எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவளுக்குச் சொல்ல இன்னும் ஒரு விஷயம் இருந்தது. அதற்குள் திரைக்கு வெளியே வந்துவிட்டாள்.

பதினேழாவது பாட்டிலுக்கு மூக்காண்டி தனியாகப் போய் நின்றபோது டாக்டர் நோட்டைத் தட்டிக் காட்டினார்.

"பழைய பாக்கியைக் கட்டு. அப்புறம் பார்க்கலாம்."

"அய்யா, அவளால நடக்கவே முடியல."

"நடக்க முடியலேன்னா நடக்க வேண்டாம்னு சொல்லு."

மூக்காண்டி பருத்திக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். மூட்டைக்கு ஒரு அணா கூலி. ஏழு ரூபாய் பதினோரு அணா என்றால் எத்தனை மூட்டை என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். நூற்று இருபத்து மூன்று. கழுத்து இப்போதே வலித்தது. அவன் கணக்கை முடிப்பதற்குள் இவள் முடிந்துவிடுவாளோ என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. தோன்றியதும் தெருவில் கொஞ்ச நேரம் நின்றான்.

நாலாம் நாள் இப்ராஹீமே கிட்டங்கிக்கு ஓடி வந்தார்.

"வே மூக்காண்டி, ஆள் கூட்டிக்கிட்டு வாரும். டாக்டரைத் தூக்கணும்."

"செத்துட்டாரா?"

"செத்தாத்தான் தேவலன்னு அவரே சொல்லுதாரு. கட்டி வே."

"எங்கன?"

இப்ராஹீம் இடத்தைச் சொல்லவில்லை. தன் வேட்டியின் பின்புறத்தைத் தட்டிக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு வந்திருக்கிறது, அறுக்க வேண்டும், திருநெல்வேலிக்குப் போயாக வேண்டும். ரயிலடிக்குக் கொண்டுபோக மாட்டு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். முதல் குழியிலேயே அவர் போட்ட சத்தத்தில் மாடு மிரண்டு வண்டியோடு பால்காரன் வீட்டுக்குள் போகப் பார்த்ததாம்.

மூக்காண்டி கூட மூட்டை தூக்குகிற பெத்துராஜையும் இன்னும் ரெண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு போனான். கயிற்றுக் கட்டிலில் மெத்தை விரித்து டாக்டர் குப்புறக் கிடந்தார். மூட்டை தூக்குகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டிப் பார்த்து, கனம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளாமல் தோள் கொடுக்க மாட்டான். டாக்டரைத் தட்டிப் பார்க்க முடியாது. ஆகவே குனிந்து கேட்டான்.

"அய்யா, எந்தப் பக்கம் சாய்ஞ்சா ரொம்ப வலிக்கு?"

டாக்டர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். மூன்று மாதத்தில் அவன் முகத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இடது பக்கம்" என்றார்.

"ஏலே பெத்துராஜ், நீ உசரம். இடது பக்கத்துக்கு வா. அந்தப் பக்கம் ஒரு விரல்கூடத் தாழக்கூடாது."

நாலு பேர் தோளில் கட்டில் ரத வீதி வழியாக ரயிலடிக்குப் போனது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பூக்கட்டுகிறவள் ஒரு முழத்தை அறுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் வந்தேவிட்டாள்.

"அடப் பாவமே, டாக்டரையாவா? என்னலே குப்புறத் தூக்கிட்டுப் போறீக?"

"நான் இன்னும் சாகலை" என்றது கட்டில்.

பூக்காரி பூவைத் திரும்பக் கூடையில் போட்டுக்கொண்டாள்.

மூக்காண்டி முன்னால் இருந்தான். அவன் கண் தரையிலேயே இருந்தது. "அய்யா, இங்கன ஒரு பள்ளம் வருது. பல்லைக் கடிச்சுக்கிடுங்க." கட்டில் இறங்கி ஏறியது. "ஆச்சு. இனி கொஞ்ச தூரத்துக்குச் சமமாத்தான் இருக்கு." அப்புறம் ஒரு பள்ளம். அதற்கும் சொன்னான். வண்டியில் ஒரு குழிக்கு அலறியவர் ஏழு பள்ளத்துக்கும் முனகலோடு சரி.

தண்டவாளம் தெரிந்தபோது டாக்டர் தலையணைக்குள்ளிருந்து கேட்டார். "உன் பேர் என்னடா?"

"மூக்காண்டி. ஏழு ரூவா பதினோரணா."

கட்டில் கொஞ்சம் அசைந்தது. சிரித்தாரோ என்னவோ. "உன் சம்சாரத்துக்கு இப்ப நெஞ்சு எப்படி இருக்கு?"

"நெஞ்சுக்கு என்னய்யா, அது நல்லாத்தான் இருக்கு. மேலுக்குத்தான் முடியல."

"அதைத்தானேடா நானும் கேக்கறேன். மேலேன்னா நெஞ்சுதானே?"

மூக்காண்டி நடப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கட்டில் குலுங்கும்.

"மேலுன்னா மேலுதான்யா. முழு ஒடம்பு. அய்யாவுக்கு இப்ப மேலுக்கு முடியலன்னுதான் ஊரெல்லாம் சொல்லுதாங்க. அதுக்காக நெஞ்சுக்கா மருந்து வைக்காங்க?"

பெத்துராஜ் இடது பக்கம் தாழ்ந்துவிடாமல் சிரிக்கப் பெரும்பாடுபட்டான். டாக்டர் தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கினார்.

"இப்ராஹீம், உமக்கு இது தெரியுமா?"

கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியோடு நடந்த இப்ராஹீம் சொன்னார். "தெரியும் சார். நீங்க கேக்கல."

டாக்டர் முகத்தைத் திரும்பத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் அவரை யாரும் டாக்டர் என்று கூப்பிடவில்லையாம், பதினாலாம் நம்பர் கட்டில் என்றுதான் கூப்பிட்டார்களாம். அறுக்க வந்தவன் காகிதத்தைப் பார்த்தபடியே நாக்கை நீட்டு என்றானாம். "கட்டி எங்கே இருக்கு, அவன் எங்கேய்யா பார்க்கிறான்" என்று இப்ராஹீமிடம் பொரிந்து தள்ளினார். இப்ராஹீம் வாயை இறுக மூடிக்கொண்டு மருந்துப் பாட்டில்களைத் துடைத்தார்.

அன்று சாயங்காலமே ஆள் அனுப்பி சுப்புத்தாயை வண்டியில் வரவழைத்தார். புண் ஆறவில்லை, நாற்காலியில் உட்கார முடியாது. நின்றபடிதான் பார்த்தார். நின்றால் மேசை தாழ்ந்துபோகிறது, எதிரில் இருக்கிற முகத்தைப் பார்க்காமல் வேறு வழியில்லை.

"மேலுக்கு என்னம்மா செய்யறது?" என்றார். சொல் அவர் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

சுப்புத்தாய் புருஷனைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. இப்ராஹீம் பஞ்சை எடுத்து வைத்துவிட்டு வெளியே போனார். அப்போதும் டாக்டர் கூப்பிடவில்லை.

"கோயில் புத்துமண்ணை எல்லாரும் ஒரு சிட்டிகை வாயில போடுவாங்கள்லாய்யா" என்று ஆரம்பித்தாள். "நானும் ஒரு சிட்டிகைதான் போட்டேன். சீக்கு தீரட்டும்னு. பெறவு வாய் நிக்கல. எங்க மண்ணு கண்டாலும் எச்சி ஊறுது. சாமி மண்ணைத் திங்கப் பயமாயிருந்துச்சி. அதான் வீட்டுச் சுவத்தை..."

"ஏட்டி" என்றான் மூக்காண்டி. "அப்ப எலி?"

"எலி ஏது? நாந்தான்."

"ஒரு மாசமா ஒனக்கா பொறி வச்சேன்?"

"நீ சும்மா இருடா, அவ சொல்லட்டும்" என்றார் டாக்டர்.

அவள் சொன்னாள். காடு கரையில் வெறுங்காலோடு களையெடுப்பது, மூச்சு வாங்குவது, காது இரைவது, மண் தின்கிற பொம்பளை என்று ஊர் சிரிக்குமே என்ற பயம், எல்லாம். டாக்டர் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தம் என்று பேருக்குக்கூட ஒரு சிவப்பு இல்லை.

"மண்ணு தின்னதாலே உனக்கு நோய் வரலேம்மா. நோய் இருக்கறதாலே மண்ணு கேக்கறது. வெறுங்கால் வழியா புழு ஏறி வயித்திலே உக்காந்து ரத்தத்தைக் குடிக்கறது. மண்ணு தின்னறதிலே வெக்கப்பட ஒண்ணுமில்லே. ஆனா இனிமே சுவரை விட்டுடு, வீடு விழுந்துடும்."

ஊசியை எடுத்தார். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். டாக்டர் நிறுத்தினார்.

"இங்கன ஒரு பள்ளம் வருது" என்றார். "பல்லைக் கடிச்சுக்கோ."

புழுவுக்கு ஒரு மருந்து, ரத்தத்துக்கு இரும்புச் சத்து மருந்து. அது சிவப்பாக இல்லை, கறுப்பாக இருந்தது. மூன்றாம் மாதம் சுப்புத்தாய் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு இடத்திலும் உட்காராமல், பொறியைத் தெருவில் வீசச் சொல்லிப் புருஷனைத் திட்டினாள். அந்தத் தெம்பைக் கேட்பதற்காகவே மூக்காண்டி இன்னும் ரெண்டு திட்டு வாங்கிக்கொண்டான். பொறியை வீசாமல் ஒன்றேகால் அணாவுக்கு விற்றான்.

சேர்த்து வைத்த மூன்று ரூபாயோடு டாக்டரிடம் போனான். "மிச்சத்தை நெல்லறுப்புக்கு அப்புறம் தாரேன்யா."

டாக்டர் இப்போது முழுசாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "என்னைத் தூக்கினியே, கூலி வாங்கினியா?"

"மூட்டைக்கு ஒரு அணா. அய்யா ரெண்டு மூட்டை இருப்பீங்க. போகுது, விடுங்க."

"இல்லாத சளிக்குப் பதினாறு பாட்டில் கொடுத்திருக்கேன். அதுக்கு நான் பணம் கேட்டா நன்னா இருக்காது. இப்ராஹீம், அந்தக் கணக்கை அடியும். ரூபாயை எடுத்துண்டு போய் அவளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்குடா."

இப்ராஹீம் நோட்டைப் பிரித்து, ஏழு ரூபாய் பதினோரு அணாவின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் என்னவோ எழுதினார். மூக்காண்டி போன வருஷம்தான் கிட்டங்கிக் கூலிக்காரர் சங்கம் நடத்திய ராப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தான். விரலை வைத்து மெள்ளக் கூட்டினான்.

"க... ட்... டி. கட்டி... தீர்ந்தது."

நிமிர்ந்து பார்த்தான். "நான் எங்க பாய் கட்டுனேன்?"

"கட்டின்னா ஓம்ம யாரு சொன்னா வே" என்று இப்ராஹீம் டாக்டர் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.