கேட்காத கையெழுத்து

ஜெயகௌரியைப் பேச அழைக்குமுன் மாதர் சங்கத் தலைவி உதயகலா வாசித்த அறிமுகம் லேசில் முடிகிறதாய் இல்லை. பல்கலைக்கழகச் சட்டத்துறையின் முதுநிலை விரிவுரையாளர், கொழும்பிலே உரை, சென்னையிலே கட்டுரை, ஜெனீவாவிலே கருத்தரங்கு என்று அது நீண்டுகொண்டே போக, கீரிமலைப் பெண்கள் பால் விடாத பிளேன்ரீயைக் குடித்தே முடித்துவிட்டார்கள். ஜெயகௌரியைக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கணவன் பிரகாஸ் வழக்கம்போல வெளியே மோட்டார்சைக்கிளோடு நின்றான். ஊர் ஊராய் அவளை ஏற்றி இறக்குகிறவன் அவன்தான். ஆனால் ஒரு கூட்டத்துக்குள்ளும் இதுவரை காலடி வைத்ததில்லை. தனக்குச் சட்டம் விளங்காது, வெங்காயம்தான் விளங்கும் என்று சொல்லித் தப்பிவிடுவான்.

அவள் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தைப் பற்றிப் பேசினாள். சீதனமாக வந்த காணியானாலும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் மனைவி அதை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ முடியாது. நியாயமில்லாமல் மறுத்தால் நீதிமன்றத்தை நாடலாம்.

"முதல்ல வாய்விட்டுக் கேளுங்கோ," என்று முடித்தாள்.

கூத்தைப் பாருங்கள்! ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவள் தன் வீட்டில் வாய் திறக்கவில்லை. சண்டிலிப்பாயில் இருக்கிற தன் சீதனக் காணியில் பாதியைத் தங்கை சாருஜாவுக்கு எழுதிக் கொடுக்க அவளுக்கு ஆசை. புருஷனைப் பறிகொடுத்த சாருஜா காங்கேசன்துறையில் ஒரு வாடகை அறையில் பிள்ளைகளோடு கிடக்கிறாள். ஆனால் அந்தக் காணி முழுக்கப் பிரகாஸின் வெங்காயம். அவன் கொத்திக் கொத்தித் தண்ணீர் இறைத்த மண். எந்த முகத்தோடு கேட்பது?

சடசடவென்று மழை பிடித்தது. அந்த இரைச்சலுக்குள் பாலேஸ்வரி என்ற நரைத்த மனுஷி எழும்பினாள்.

"கேளுங்கோ எண்டு சொல்லுறியள் பிள்ளை. எப்பிடிக் கேக்கிறது? அந்த மனிசனும் பாவமெல்லே, அதிலதானே பாடுபடுது."

ஜெயகௌரி மைக்கை வாயருகே கொண்டு போனாள். படித்த சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவும் இல்லை.

"எனக்கும் தெரியேல்லை அம்மா. என்ரை தங்கச்சிக்குப் பாதிக் காணி குடுக்க ஆசை. அவர் மாட்டன் எண்டு சொல்லுவார் எண்டு பயமில்லை. மனம் நொந்துகொண்டே ஓம் எண்டு சொல்லிப்போடுவார், அதுதான் பயம்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். கடைசி வரிசை வாங்கில், நனைந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பிரகாஸ் இருந்தான்.

கூட்டம் முடிந்ததும் அவன் மோட்டார்சைக்கிளை எடுத்தான். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். சண்டிலிப்பாய் வந்ததும் வீட்டுக்குப் போகாமல் தோட்டத்துக்குப் போகிற ஒழுங்கைக்குள் திருப்பி நிறுத்தினான். மழை விட்டிருந்தது. வேலிக் கிளுவையில் ஒரு தடியை முறித்துக்கொண்டு காணிக்குள் இறங்கினான்.

"எனக்கு ஒரு விசயம் சொல்லுறதெண்டால் உமக்கு மைக் வேணுமோ?"

திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"பிழைதான். கோவமோ?"

"கோவம்தான்." வெங்காயப் பாத்திகளைப் பார்த்தபடி நின்றான். "இந்த வெங்காயத்தைக் கிண்டி எடுக்குமட்டும் பொறுக்கச் சொல்லும் சாருஜாவை. கிணறு பொதுவில இருக்கட்டும்."

ஓமென்று தலையாட்டியபடி அவள் அழுதாள். அவன் கிணற்றடிக்கு நேரே, பாதிக் காணிக்கு எல்லையாகத் தடியை நட்டான். தள்ளி நின்று பார்த்தான். திரும்பவும் வந்து பிடுங்கினான். ஈரத் தடியைக் கையில் பிடித்தபடி, எங்கே நடுவதென்று தெரியாமல் பாத்திகளுக்கு நடுவே நின்றான். ஜெயகௌரி கூட்டத்துக்குக் கட்டிய சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அவனிடம் போகச் சேற்றுக்குள் கால் வைத்தாள்.