குரல் மெலிந்த இடம்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஹமீட் ஹாஜியார் அந்தி மஃரிப் தொழுத கையோடு என் பாஸ்போர்ட்டை வாங்கிப்போக வந்துவிட்டார். திங்கட்கிழமை நான் ரியாத்துக்குப் போகவேண்டும், என் மூத்த சகோதரர் சாலிஹ் காக்கா வேலை செய்யும் அதே துணிக்கடைக்கு. துணிக்கடை என்று ஹாஜியாரும் சொன்னார், காக்காவும் சொல்லியிருந்தார்.

"மகன்ட குரலை ஒருக்காக் கேட்டுட்டுக் குடுப்பம்," என்று உம்மா, காக்கா பேசிப் பதிந்து புதிதாக அனுப்பியிருந்த கசட்டை டேப்பில் போட்டார்.

"உம்மா, நான் நல்லா இரிக்கன். கடைக்குள்ள ஏசி போட்டிரிக்கி..."

நடுவில் காக்காவின் குரல் மெலிந்து, சின்னப்பிள்ளையின் குரலாகக் கீச்சிட்டு, மறுபடி சரியானது. கொஞ்சம் போய் மீண்டும் அப்படியே. பிறகும் அப்படியே.

உயர்தர ஏஎல் சோதனைக்குப் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த என் அக்கா, சுல்பிகா ராத்தா, தலை நிமிர்ந்தார். "திருப்பிப் போடுங்க உம்மா."

"ஏன் புள்ள, டேப்புக்குப் பேய் பிடிச்சிட்டா?" ஹாஜியார் சிரித்தார்.

"ஒரே இடைவெளியில மெலியுது ஹாஜியார்."

"உங்கட சந்தி அரிசி மில்லு செய்யிற வேலை. மோட்டர எடுத்தா பல்ப்பே மங்குது. டேப்பு தப்புமா?"

எனக்கும் அது மில்லாகவே இருக்கவேண்டும் போலிருந்தது. புது சூட்கேஸ் மூலையில் கட்டி ஆயத்தமாக நின்றது.

"நட்சத்திரம் ஒண்டு தள்ளாடுது, கண்ணுக்குத் தெரியாத கிரகம் அதை இழுக்குது எண்டு ஒராள் கன வருசம் சொன்னாராம்," என்றார் ராத்தா. "கடைசியில, ஆடினது அவர்ட தொலைநோக்கிதான் எண்டு மத்தவங்க சொல்லிட்டாங்க."

"பாத்தீங்களா. படிச்ச புள்ளையே சொல்லுது."

"அதுக்குத்தான் முதல்ல நம்மட டேப்பைப் பாக்கணும்."

ராத்தா டேப்பின் கரண்ட் வயரைக் கழற்றி டோர்ச் பற்றரிகளைப் போட்டார். பள்ளிவாசல் பயான் பேச்சுக் கசட் ஒன்று ஆடாமல் ஓடியது. காக்காவின் கசட்டை மாற்றினார். 'கடைக்குள்ள' என்ற அதே சொல்லில் குரல் மெலிந்தது.

"கசட் பழுது," என்றார் ஹாஜியார்.

"பழுதாகி இறுகினாக் குரல் தடிக்கும். இது மெலியுது. காக்கா கதைக்கக்குள்ள அங்க அவர்ட டேப் மெதுவாச் சுத்தியிரிக்கி. மெதுவாப் பதிஞ்சதச் சரியான வேகத்தில போட்டாக் குரல் மெலியும். அங்க கரண்ட ஏதோ ஒண்டு இழுக்குது."

"ஏசியாக்கும்."

"ஏசி ஒருக்கா இழுத்துட்டுக் கன நேரம் ஓடும். இது மூச்செடுக்கிற மாதிரி, விட்டு விட்டு."

"அப்ப என்ன அது?" என்று நான் கேட்டேன்.

"தெரியா. பெரிசு. காக்காக்குக் கிட்ட நிக்கிது. ஓயாம வேல செய்யிது. துணிக்கடையில அப்பிடி ஒண்டு இரிக்காது. அவ்வளவுதான் தெரியும்."

ஹாஜியார் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "கண்ணால காணாத ஒண்டுக்குப் பயந்து இரிங்க. திங்கக்கிழம வேற பொடியன் போவான்."

"போகட்டும் ஹாஜியார்." உம்மா பாஸ்போர்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என்ன எண்டு தெரிஞ்சாப் பிறகு இவன அனுப்புவம்."

ஹாஜியார் போனதும் உம்மா புதுக் கசட் ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் அதை டேப்பில் போட்டுப் பதியும் பொத்தானை அழுத்தினேன்.

"சாலிஹ்," என்றார் உம்மா, "ஏசிய விடு மகன். உனக்குப் பக்கத்தில நிக்கிறது என்ன?"

சந்தியில் மில் மோட்டர் எடுத்தது. பல்ப் மங்கியது. பற்றரியில் ஓடிய டேப் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.