பெண்கள் முறை

நான் கடையை விற்ற கையோடு என் மனைவி இர்மெலி என்னையும் கழித்துக்கட்டப் பார்த்தாள். துர்க்கு நகரத்துச் சந்தைக் கூடத்தில் என் அப்பா காலத்து மீன்கடை அது. வாங்க வந்தவனிடம் தராசு, கத்தி, பனிக்கட்டிப் பெட்டி வரைக்கும் தனித்தனியாக விலை பேசிக் கறந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசல் நடையில் அவளுடைய பெட்டி நிற்கிறது.

"எங்க கிளம்பிட்ட?"

"போரிக்கு. அக்கா வீட்டுக்கு. திரும்பி வர்றதா இல்ல."

"என்ன திடீர்னு?"

"திடீர்னா? கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிட்டுதான் இருக்கேன். நான் ஒண்ணும் உன்னைத் தேடி வந்து கட்டிக்கல. நீ வந்து கைய நீட்டின. மாட்டேன்னு சொல்ல முடியாத இடம். மாட்டிக்கிட்டேன்."

அந்த இடம், ஏரிக்கரை நடனக் கொட்டகை. மேடைக்கு மேலே விளக்குப் பலகை இருக்கும். 'ஆண்கள் முறை' எரிந்தால் ஆண்கள் போய்ப் பெண்களை ஆட அழைக்க வேண்டும். 'பெண்கள் முறை' எரிந்தால் ஆண்கள் சுவரோரமாக, விலைபோகாத மத்தி மாதிரி வரிசையாக நிற்க வேண்டும். யார் அழைத்தாலும் மறுப்பது மரியாதை இல்லை. இரண்டு பாட்டு ஆடி, நன்றி சொல்லிப் பிரியலாம். எங்களுக்குப் பிரிய வாய்க்கவில்லை.

அன்று எரிந்தது பெண்கள் முறை, இவள்தான் என்னைத் தேடி வந்தாள் என்பது என் கட்சி. ஆண்கள் முறை என்பது அவள் கட்சி.

"நிரூபிச்சுட்டா?" என்றேன்.

"நிரூபி. பெண்கள் முறைன்னா கடைசி வரைக்கும் உன்னோடயே கிடந்து சாகறேன். இல்லைன்னா இந்தப் பெட்டிய நீயே தூக்கிட்டு வந்து என்னை வண்டியேத்தி விடணும்."

"ஒரு மாசம் கொடு."

"நாளைக்குள்ள."

பேரம் ஞாயிற்றுக்கிழமையில் படிந்தது.

எனக்கு நினைவிருந்தது கொஞ்சம்தான். ஒரு டாங்கோ நடனப் பாட்டு. வெள்ளைக் கோட்டுப் பாடகன் இரண்டாம் சரணம் மறந்துபோய், முதல் சரணத்தையே மறுபடி பாடி ஒப்பேற்றினான். தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவோடு வந்திருந்தார்கள். கைபேசியிடம் மெட்டை முனகிக் காட்டினேன்; அது சலவைத்தூள் விளம்பரத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. கொட்டகையின் பெயரைப் போட்டுத் தேடினால் கல்யாண வீடியோக்கள் குவிந்தன. சனிக்கிழமை மத்தியானம் ஒரு பழைய வீடியோ நாடாவின் பிரதி கிடைத்தது. அடியில் எவனோ எழுதியிருந்தான்: 'பாட்டு பாதிதான் வருது, கோட்டு மட்டும் முழுசா இருக்கு.' இதேதான்.

தனியாகப் பார்க்கவில்லை. சரக்கை வாங்குபவர் முன்னால்தான் பிரிக்க வேண்டும். பெரிய திரையில் போட்டு அவளை உட்காரவைத்தேன்.

பாடகன் தலைக்கு மேல் சிவப்பாக எரிகிறது: பெண்கள் முறை.

"படிச்சியா? கண்ணாடிய வேணா தொடச்சுட்டுப் படி!"

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "மறுபடி போடு" என்றாள்.

போட்டேன். அப்போதுதான் தரையைக் குறுக்கே கடந்து வரும் மஞ்சள் கவுனைக் கவனித்தேன். இர்மெலி. நேராகச் சுவரோரத்துக்கு வருகிறாள். ஒரு மீசைக்காரன் முன்னால் நின்று சிரித்தபடி லேசாகத் தலை குனிகிறாள். மீசைக்காரன் ரைமோ. எங்கள் கடைக்கு எதிர்க்கடையில் இன்றைக்கும் பாலாடைக்கட்டி விற்பவன். அவன் கையை நீட்டுவதற்குள் பக்கத்தில் நின்ற ஒல்லிப்பயல் ஒரு எட்டு முன்னால் வைத்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். ரைமோவின் கை பாதியில் நின்று, காதைச் சொறிந்துகொள்கிறது.

ஒல்லிப்பயல் நான்.

"நான் ரைமோகிட்ட போயிருக்கேன்" என்றாள்.

"என்னைப் பார்த்துத்தான சிரிச்ச?"

"ஒரு முழம் தள்ளி நிக்கிற உன்னைப் பார்த்து நான் எதுக்குச் சிரிக்கணும்? கண்ணு தெரியாம பாஞ்சியா, தெரிஞ்சே பாஞ்சியா?"

"வந்த பொண்ணு யாருகிட்ட வர்றான்னு அந்த இருட்டுல எவனுக்குத் தெரியும்?"

"ரைமோவுக்குத் தெரிஞ்சிருக்கே."

அதற்குப் பிறகு அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மஞ்சள் கவுன் எட்டு வைத்து வருவதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தில் திரையில் இருந்த அதே சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அது ஒரு தடவைகூட வந்ததில்லை.

"சரி, நீ போரிக்கே போ" என்றேன். "பெட்டிய நான் தூக்கிட்டு வர்றேன்."

"எதுக்கு? பலகைல எரிஞ்சது பெண்கள் முறை. நீ ஜெயிச்சுட்ட."

"நான் விட்டுக்கொடுக்கறேன், இர்மெலி."

"வித்த சரக்கு திரும்ப எடுக்கமாட்டோம்னு கல்லாவுக்கு மேல எழுதிப் போட்டது யாரு? நானா?"

பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கினாள். என் சட்டைகளைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

இப்போது தினமும் காலைக் காப்பிக்கு அந்த டாங்கோதான். பாலாடைக்கட்டியை மோந்துகூடப் பார்க்காதவள், வாரத்துக்கு ஒரு தடவை சந்தைக்குப் போய் ஒரு கட்டி வாங்கிவந்து எனக்கு வெட்டி வைக்கிறாள். தின்கிறேன். மஞ்சள் கவுன் சுவரை நெருங்கும்போது சமையலறையிலிருந்து சத்தம் வரும்:

"இந்தா, வர்றான் பாரு. பாயப்போறான் பாரு."