மூடிய கை

கூடாரத்துக்கு அடியில் கிடந்த மரவேர் ஒன்று ராத்திரி முழுக்க முதுகில் குத்தியதில் அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. விடிந்ததும் தவழ்ந்துதான் வெளியே வந்தான்.

"சிமெண்டு மூட்டை மேலயே குறட்டை விடுற ஆளு, இப்ப மெத்தை கேக்குதா?" புகைந்த விறகை ஊதிக்கொண்டே கேட்டாள் தங்கை.

"மூட்டை அமுங்கும்டி. வேரு அமுங்குமா?"

ஏரிக்கரையிலிருந்து அவள் புருஷன் கத்தினான். வாடகைப் படகு கட்டு அவிழ்ந்து போய்க்கொண்டிருந்தது. காற்று அதை நடு ஏரிக்குத் தள்ளியது.

"கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டு நீந்திப் போறேன். முனையைப் புடிச்சுக்க மச்சான். கை காட்டுனா இழு."

இருவருக்கும் ஒரே கட்டட வேலை. மேலே பளு தூக்கும் எந்திரத்தை ஓட்டுவது அண்ணன். கீழே நின்று கைஜாடை காட்டுவது மாப்பிள்ளை. அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஜாடைக்காரன் கையை மட்டும் பார்க்க வேண்டும். வேறு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் வாங்கக் கூடாது. விரித்த கையை ஆட்டினால் இழு, மூடினால் நிறுத்து. யாரோ கத்தியதைக் கேட்டு ஒருநாள் இழுத்ததில் ஒருவனுக்குக் கால் போயிருக்கிறது.

பாதி தூரத்தில் மாப்பிள்ளையின் தலை அமிழ்ந்தது. மறுபடி எழுந்தது. கூடவே ஒரு கை மேலே வந்தது. மூடிய கை.

அண்ணன் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

"இழுண்ணே!"

"நிறுத்தச் சொல்றான்."

"தண்ணி குடிக்கிறாருண்ணே! இழு!"

"கை காட்டுறான் பாரு. வேலையைப் பத்தி உனக்கென்னடி தெரியும்? வாயை மூடு!"

அவள் கயிற்றில் கை வைத்தாள். முழங்கையால் தள்ளிவிட்டான். கல்லில் விழுந்தவள், ரத்தத்தோடு எழுந்து வந்து அவனுக்குப் பின்னால் கயிற்றைப் பற்றி இழுத்தாள். அவன் குதிகாலை ஊன்றி விடாமல் நின்றான். அவள் கால் சேற்றில் வழுக்கியது. மறுபடி இழுத்தாள்.

கை இன்னொரு தரம் எழுந்தது. மூடித்தான் இருந்தது. அதன் பிறகு கையும் இல்லை, தலையும் இல்லை.

அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. இருவருமாக இழுத்தார்கள். எதுவோ பிடித்துவைத்திருந்த மாதிரி கயிறு விறைத்து நின்றது. பிறகு சட்டென்று விட்டது.

கரையில் போட்டுக் குப்புறத் திருப்பியதும் மாப்பிள்ளை தண்ணீராகக் கக்கினான். காலெல்லாம் பாசிக்கொடி. மூடிய கைக்குள்ளும் ஒரு கொத்து.

"இதுதான்யா... காலைச் சுத்திருச்சுன்னு... காட்டினேன்," என்றான் மூச்சுக்கு நடுவே. "என்ன மச்சான், தங்கச்சிக்கு வேற மாப்பிள்ளை பாத்துட்டியா?"

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

படகு எதிர்க்கரையில் போய் முட்டி நின்றது. தங்கை முழங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தேநீர் போட்டாள். புருஷனுக்குக் கையில் கொடுத்தாள். அண்ணனுடையதைக் கல்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவன் குடித்தான். டம்ளரைக் கழுவினான். கூடாரத்தைப் பிரித்து மடித்தான். மூட்டைகளையெல்லாம் அவனே வண்டியில் ஏற்றினான். வீட்டு வாசலில் இருவரையும் இறக்கிவிட்டான்.

தங்கச்சியிடம் ஒரு மன்னிப்பு பாக்கி. இன்னும் கேட்கவில்லை.