ஏரி பெருமூச்சு விட்ட நாள்

தெற்கிலிருந்து குளிர்காற்று திரும்பியதும் ஜுரேமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விடிந்து வெகுநேரமாகியும் வெயிலில் சூடு ஏறவில்லை. ஜாபூட்டி ஏரியில் வெள்ளத்துக்கு மேலே மரக்காலில் நிற்கிற வீடுகளில், பெட்டிக்கு அடியில் கிடந்த கம்பளிச் சட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்க, இவள் ஒருத்திதான் பண்டிகை வந்ததுபோலச் சிரித்துக்கொண்டு படகில் குதித்தாள்.

"கெளம்புங்க அத்தான்! குளிர் வந்துடுச்சு!"

"அது எனக்குத் தெரியாதா? காது ரெண்டும் கழண்டு விழற மாதிரி இருக்கு" என்றான் அக்காள் கணவன் ஒஸ்மரீனோ. ஆனாலும் மோட்டாரின் கயிற்றை இழுத்தான்.

இந்தக் குளிருக்காக ஜுரேமா இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். அமேசான் பெருகிக் காட்டுக்குள் புகுந்தால், அரை வருடம் மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். உதிர்ந்த இலை, பழம், புல் எல்லாம் ஏரியின் அடியில் கிடந்து அழுகும். அழுகலிலிருந்து வரும் கரியமில வாயு, மேலே கிடக்கும் வெதுவெதுப்பான நீரைத் தாண்டி வர முடியாமல் அடித்தண்ணீரிலேயே அடைபட்டுக் கிடக்கும். குளிர்காற்று வந்து மேல்நீரை ஆற வைத்தால், அது கனத்துக் கீழே இறங்கும். கீழ்நீர் மேலே வரும். அப்போது ஏரி, அடக்கி வைத்த மூச்சை ஒரேயடியாக விட்டுவிடும் என்பது ஜுரேமாவின் கட்சி.

மனாவுஸ் நகரத்தில் இருக்கும் அவளுடைய பேராசிரியர் எவிலாசியோ இதை ஒப்பவில்லை. ஏரி வருடம் முழுக்கச் சீராகத்தான் மூச்சு விடுகிறது என்பார். "காட்டினால் நம்புகிறேன். ஆனால் ஒரு டப் சொன்னால் அது டப்பின் கோளாறு. இரண்டு டப் ஒரே பேச்சைச் சொல்ல வேண்டும்" என்றும் சொல்லிவிட்டார். முதல் வருடம் குளிர் வந்தபோது படகு பழுது. போன வருடம் அக்கா சுலெய்தாவுக்குப் பிரசவ வலி. டவுன் ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜுரேமா. அந்த நேரம் பார்த்து ஏரி புரண்டு முடிந்துவிட்டது. இந்தத் தடவையும் விட்டால் வேறு ஆராய்ச்சியைப் பார்க்க வேண்டியதுதான்.

டப் என்றால் துணி ஊறப்போடுகிற சாதாரண பிளாஸ்டிக் டப்தான். கவிழ்த்துப்போட்டு, மிதப்பதற்கு ஓரத்தில் ரப்பர் குழாய் சுற்றி, அடிப்பக்கம் ஒரு ஓட்டை போட்டிருந்தாள். ஓட்டையில் குழாயைச் செருகிக் கருவியில் மாட்டினால், தண்ணீரிலிருந்து கிளம்பி டப்புக்குள் சேரும் வாயு எவ்வளவு என்று எண் ஓடும். காட்டு முகப்பில் ஒன்று, புல்திட்டுக்குப் பக்கத்தில் ஒன்று என்று இரண்டையும் மரத்தில் கட்டி விட்டிருந்தாள்.

ஏரி நடுவுக்குப் போனபோது அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஜுரேமா அதை ஆசையாக இழுத்து முகர்ந்தாள்.

"கருமம்! இதைப் போய் மோந்து பாக்குறியே" என்றான் ஒஸ்மரீனோ.

"அடித்தண்ணி அத்தான்! மேல வந்துடுச்சு!"

மீன்களும் மேலே வந்திருந்தன. அடிநீரில் சுவாசிக்க ஒன்றும் இல்லாததால், நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு தத்தளித்தன. இப்படி மீன் மயங்கி மிதந்தால் ஜாபூட்டியில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். தோணிகள் எல்லாம் ஏரியில் இறங்கிவிட்டன. வலை, கூடை, குண்டான் என்று கையில் கிடைத்ததைக் கொண்டு அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

காட்டு முகப்பு டப்பில் குழாயை மாட்டினாள். மற்ற நாளில் எண் நானூறில் தொடங்கி, ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் எழுநூறு, எண்ணூறைத் தொடும். இன்றைக்கு ஆயிரத்தை நொடியில் தாண்டியது. இரண்டாயிரம். மூவாயிரம். நாலாயிரத்தையும் தாண்டியது.

"அத்தான்! ஓடுது அத்தான்! எப்பா, என்னா ஓட்டம்!" படகிலேயே குதித்தாள்.

"உக்காரு தாயே, கவுத்துடாத!"

இனி மற்ற டப்தான். புல்திட்டுக்கு விரைந்தார்கள். மரம் இருந்தது, கயிறு இருந்தது, கயிற்றின் நுனியில் ஒன்றும் இல்லை. ஜுரேமா எழுந்து நின்று சுற்றிலும் தேடினாள். கொஞ்ச தூரத்தில் ஒரு தோணியில் சுலெய்தா உட்கார்ந்திருந்தாள். அவள் மடிக்கு முன்னால் டப், டப் நிறைய மீன்.

"யக்கா! அது என் டப்பு!"

"உன்னுதா? யாரோ விட்டுட்டுப் போனதுன்னு எடுத்தேன். ஓட்டை டப்புடி இது! கட்டைவிரலால அடைச்சுக்கிட்டே அள்ளுறேன். இவ்வளவு படிச்சும் ஒரு நல்ல டப்பு வாங்க வக்கில்லையா உனக்கு?"

ஒஸ்மரீனோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜுரேமா சிரிக்கவில்லை. "குடுக்கா. ஏரி இப்பதான் மூச்சு விடுது. கொஞ்ச நேரத்துல அடங்கிடும். ரெண்டு டப்பு இல்லாட்டி ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"ஒரு வாரத்துச் சாப்பாடுடி இது. மாவு மட்டும் தின்னா புள்ளைக்குப் பால் ஊறுமா?"

போன வருடம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லிக்காட்டி வாங்கிவிடலாம். நாக்கு நுனி வரை வந்ததை ஜுரேமா விழுங்கிக்கொண்டாள். கண் மட்டும் கலங்கியது. சுலெய்தா அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு டப்பைத் தோணிக்குள் கவிழ்த்தாள். பாதி மீன் துள்ளி ஏரிக்கே போயிற்று.

"போ, போ, எங்கிட்டுப் போனாலும் திரும்பப் புடிப்பேன்" என்று மீன்களைத் திட்டிக்கொண்டே டப்பை அலசித் தண்ணீரில் கவிழ்த்தாள். அள்ள வந்த ஒரு தோணியைத் துடுப்பை ஓங்கி விரட்டினாள். "கிட்ட வந்தா மண்டைய உடைச்சுடுவேன்! ஏரி மூச்சு விடுதாம், தள்ளிப் போங்கடா!"

ஜுரேமா குழாயை மாட்டினாள். எண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கருவியை அக்காளிடம் நீட்டினாள்.

"ஆயிரத்து நூறு... என்னடி இது நிக்க மாட்டேங்குது? ரெண்டாயிரத்து எரநூறு. மூவாயிரம். ஏய், நாலாயிரம்! அங்க எவ்வளவு வந்துச்சு?"

"நாலாயிரத்துக்கு மேல" என்றாள் ஜுரேமா.

"அப்ப ரெண்டும் ஒண்ணாத்தானே சொல்லுது?" சுலெய்தா கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தக் காத்தெல்லாம் எங்கடி போகும்?"

"கொஞ்சம் வானத்துக்கு. கொஞ்சத்த இந்த மரங்களே திரும்பக் குடிக்கும். எலையா உதுத்து, அடுத்த வெள்ளத்துக்கு ஏரிக்கே குடுக்கும்."

சுலெய்தா நிமிர்ந்து உட்கார்ந்து ஏரிக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். "ஏ, எல்லாரும் கேட்டுக்கோங்க! நம்ம ஏரி அடக்கி வச்ச மூச்ச என் தங்கச்சி புடிச்சுட்டா! வேற எவனும் புடிக்கல!"

தோணிகள் அப்படியே நின்றன. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் கைதட்டினார்கள். ஜுரேமா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே எட்டி எண்ணைப் பார்த்தாள். அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.